தன்னலமும் பாராமுகமும்

மக்கட்பிறப்புத் தனித்து வாழ்தற்கு அமைந்ததன்று. பிறந்த குழவி பிறர் கைப்பட்டே வளர்தலானும், பேசும் மொழி பிறர் வாயினின்றே வருதலானும், உண்ணுஞ் சோறு தான் கண்டறியாத பலருடைய உழைப்பால் விளைதலானும், 'யான் யார்க்குங் கடப்பாடுடையேனல்லேன்' என்று கூறுதற்கு ஒருவனுக்கும் இடமில்லை. அங்ஙனமாகவும், அக்கடப்பாட்டினை மறந்தொழுகுதலே இக்காலத்து உலகியல்பாகப் பெருகிவருகின்றதென்னுங் குறை யாண்டுங் கேட்கப்படுகின்றது. பேருந்தில் முதியவள் ஒருத்தி கைப்பிடியைப் பற்றித் தள்ளாடி நிற்ப, இருக்கையில் அமர்ந்த இளைஞன் கைப்பேசியினின்றுங் கண்ணெடாதிருக்கின்றான். சாலையில் அடிபட்டு வீழ்ந்தானைத் தூக்குவார் சிலராகப் படம்பிடிப்பார் பலராகின்றனர். வரிசையில் நிற்பாரை முந்துதல் திறமையென்றும், பிழை செய்தவழிப் பொறுக்கும்படி வேண்டுதல் தாழ்வென்றுங் கருதப்படுகின்றன. அடுத்த வீட்டார் பெயரறியாமலே ஆண்டு பல வாழ்தல் நகரங்களில் இயல்பாயிற்று.

இவற்றை உள்ளங்கொண்டு, தன்னலமாவது யாது, பாராமுகமாவது யாது, இவற்றிற்கு மூலம் யாது, இவை நீங்கும் வாயில் யாது என்பனவற்றைச் சித்தாந்த நூல்வழி நின்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம். எடுத்துக்காட்டுக்களைப் பெரும்பாலும் புதுக்கோட்டைச் சீமையினின்றே கொள்வாம். நாயன்மார் தோன்றிய ஊர்களை உடையதும் அச்சீமையே. அண்மையில் நாம் அனைவரும் நாணத்தக்கதொரு செயல் நிகழ்ந்ததும் அச்சீமையிலேயே ஆகலின் என்க.

முதற்கண் சொற்பொருளைத் தெளிதல் வேண்டும். தன்னுடம்பைப் பேணலும், தன் மனைமக்களை ஓம்பலும், தன் உழைப்பின் பயனைத் தான் துய்த்தலும் தன்னலமெனப்படா, அவை தற்காப்பெனப்படும். உடம்பு இறைவன் உயிர்க்குத் தந்த கருவியாகலின் அதனைப் போற்றல் கடமையேயாம். பிறர்க்குரிய இடத்தையும் பொழுதையும் பொருளையும் மதிப்பையும் தனக்கே ஆக்கிக்கோடல் தன்னலமாவது. பாராமுகமாவது, பிறர்க்குரியதைக் கவராவிடினும், அவர் இடருறுங்கால் கண்டுங் காணாதிருத்தல். முன்னையது செய்யத்தகாததைச் செய்தல். பின்னையது செய்யத்தக்கதைச் செய்யாமை.

இவ்விரண்டற்கும் மறுதலையாய நற்பண்பை நம்மனோர் மரியாதையென்றும் உபசாரமென்றும் இருசொல்லான் வழங்குவர். இரண்டும் வடசொற்கள். மரியாதை என்பதற்கு எல்லை, கரை என்பன பொருளாம். கடல் தன் கரையைக் கடவாது நிற்றல்போல ஒருவன் தன் எல்லையில் நிற்றலே மரியாதையாயிற்று. உபசாரம் என்பது அணுகிச் சேறல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. வந்தார்பாற் சென்று அவர்க்கு வேண்டுவன செய்தலே உபசாரமாயிற்று. எல்லையில் நிற்றலும் அணுகிச் சேறலும் தம்முள் முரணுவனபோலத் தோன்றும், முரணாவென்க. பிறர்க்குரிய இடத்திற் புகாது நிற்றலும், பிறருடைய இடரினிடத்துத் தயங்காது புகுதலும் ஆகிய இரண்டுங் கூடியவழியே மக்களொழுக்கம் நிரம்புவது. தன்னலம் மரியாதையை அழிக்கும். பாராமுகம் உபசாரத்தை அழிக்கும். இவற்றுள் தன்னலத்தையே உலகம் பெரிதும் பழிக்கின்றது. பாராமுகத்தைப் பழிப்பார் அரியர். அஃது ஒருவரை அடியாமலும் வையாமலும் நிகழ்வதாகலின் குற்றமென்றே தோன்றுவதில்லை. அதனாலேயே அதனை மிக ஆராய்தல் வேண்டும்.

இனி, இவற்றின் மூலம் யாதெனின், ஆணவ மலமே என்பது சித்தாந்தம். ஆணவமாவது உலகவழக்கிற் செருக்கு எனக் கூறும் அவ்வளவிற்றன்று. வியாபகமாய் விரிதற்குரிய உயிரறிவை மறைத்து அணுத்தன்மைப்படுத்துவதாகலின் அஃது ஆணவமெனப் பெயர்பெற்றது. செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உடனாயுள்ளது. பரந்து சென்று பிறவுயிரையுந் தழுவுதற்குரிய அறிவு இதனாற் குறுகித் தன்னளவில் முடங்குகின்றது. கேவலத்தில் ஒன்றனையும் அறியவொட்டாது மறைத்துநின்ற அதுவே, சகலத்தில் மாயையுங் கன்மமுங் கூடியவழி, யான் எனது என்னும் முனைப்பாய் வெளிப்படும். ஆகலின், தன்னலம் ஆணவத்தின் முனைப்பென்றும், பாராமுகம் அதன் மறைப்பென்றுங் கொள்ளல் தகும்.

இருளினும் ஆணவங் கொடிதென்பதற்கு உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிற் காட்டும் வேறுபாடு ஈண்டைக்கு மிகவும் பொருந்துவது. இருள் ஏனைப் பொருள்களை மறைப்பினும் தான் இருளென்பதனை மறையாது. இருட்டறையிற் புகுந்தவன் தனக்கு ஒன்றுந் தெரியவில்லை என்பதையாவது அறிகின்றான். அறிதலின் விளக்குத் தேடுகின்றான். ஆணவமோ பொருளையும் மறைத்து, மறைக்கின்ற தன்னையும் மறைக்கும். அதனாற் பற்றப்பட்டவன் தனக்கு மறைந்தது ஒன்றுளதென்றே எண்ணான். எண்ணாமையின் விளக்குந் தேடான். பாராமுகத்தின் இயல்பு முழுதும் இதனுள் அடங்கியுள்ளது. திருடுவானுக்குத் தான் திருடுவது தெரியும். இரவில் நெஞ்சு உறுத்தலும் உண்டு. பாராமுகமாயிருப்பானுக்குத் தான் பாராதிருப்பது தெரியாது. 'யான் யார்க்குந் தீங்கு செய்திலேன்' என்று இனிதுறங்குவான்.

ஈண்டு ஒருசாரார், 'மலம் அநாதியாயின், மரியாதைக்குறைவு இக்காலத்து மிகுந்ததென்றல் யாங்ஙனம்? பொறிகளும் பொருளாசையும் நகர வாழ்க்கையுமன்றோ காரணம்? முற்காலத்தார் இன்முகமும் இன்சொல்லும் உடையராயிருந்தனர்' என்பர். காலமுங் கருவியும் துணைக்காரணமாதல் உண்மையே, முதற்காரணமாகா. கைப்பேசி பாராமுகத்தைப் படைத்திலது. பாராதிருக்க விரும்பினார்க்கு முகந்திருப்புதற்கு ஓரிடந் தந்தது. மனைதோறுந் தோண்டிய ஆழ்துளைக் கிணறு அயலாரை மறக்கச் செய்திலது. மறந்தாலுங் குறையில்லை என்னும் நிலையைத் தந்தது. இன்னும், முற்காலத்து மரியாதை என்று நாம் போற்றுவது எவ்வளவினது என்பதனையும் நடுநின்று நோக்கல் வேண்டும். அது பெரும்பாலும் வேலியிட்ட மரியாதை. வேலிக்குள் இருந்தாரை எழுந்துநின்று கும்பிட்ட கையே, வேலிக்குப் புறம்பே நின்றார்க்குச் சிரட்டையில் நீர் வார்த்தது. ஆகவே, பழைமையெல்லாம் நன்று, புதுமையெல்லாந் தீது என்றல் ஆராய்ச்சியன்று. பழைய பாராமுகம் ஒன்று இன்றுகாறும் நிற்கின்றது. புதிய பாராமுகம் ஒன்று அதனொடு வந்து கூடிற்று. இரண்டனையும் ஒருங்கு காட்டுவதே யாம் மேற்குறித்த புதுக்கோட்டை நிகழ்ச்சியாகும்.

புதுக்கோட்டை 1948-ஆம் ஆண்டுவரை தொண்டைமான் மன்னர் ஆட்சியில் தனியரசாயிருந்து, பின் இந்திய ஒன்றியத்துட் கலந்து, 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. வற்றாத ஆறு ஒன்றும் இங்கில்லை. வெள்ளாறும் மழைக்காலத்தன்றி நீர் காணாது. ஆகலின், வானம் தந்ததை ஏரி, குளம், கண்மாய், ஊருணி என ஆயிரக்கணக்கான நீர்நிலைகளில் தேக்கியே மக்கள் வாழ்ந்தனர். இத்தகைய நிலத்தில் தண்ணீர் தனியொருவர்க்கு உரியதாதல் இயலாது. வரத்துவாய்க்காலை வெட்டுதற்கும், மடையைத் திறத்தற்கும் அடைத்தற்கும் ஊர் கூடல் வேண்டும். குடிநீர் ஊருணியிற் காலலம்பாமை, குடமேந்தி வருவாட்கு ஒதுங்கி வழிவிடுதல், தாகமென்று வந்தார்க்கு முதலில் ஒரு செம்பு நீர் நீட்டிப் பின்னரே ஊர் பெயர் கேட்டல் என்பன போன்ற நல்வழக்கங்கள் நீரின் அருமையாற் பிறந்தன. ஆயினும் இவ்வழக்கங்களும் ஓரெல்லையளவில் நின்றுவிட்டன. ஊருணிக்கரையிலுஞ் சாதி நின்றது.

நிற்க. இம்மாவட்டத்து முத்துக்காடு ஊராட்சியைச் சார்ந்த வேங்கைவயல் என்னுஞ் சிற்றூரில், பட்டியல் வகுப்பினர் குடியிருப்பிற்கெனக் கட்டப்பட்டது 10,000 லிட்டர் கொள்ளும் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. 2022-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அக்குடியிருப்பிற் குழந்தைகள் சிலர் அடுத்தடுத்து நோயுற்றனர். நீரின்பால் ஐயமுற்று, டிசம்பர் 26-ஆம் நாள் தொட்டியின்மேலேறி நோக்கியவழி, அதனுள் மனிதக் கழிவு கிடந்தது. மறுநாள் மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு அவர்களும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டே அவர்களும் அங்குச் சென்று வினவியபோது, அம்மக்கள் தண்ணீரைப் பற்றி மட்டுங் கூறி அமைந்தாரல்லர். பக்கத்து இறையூர்த் தேநீர்க்கடையில் தமக்கு வேறு குவளை வைக்கப்பட்டிருத்தலையும், ஆண்டுள்ள ஐயனார் கோயிலினுள் தாம் புகவொட்டாது தடுக்கப்படுதலையும் எடுத்துரைத்தனர். ஆட்சியர் அவர்களை உடனழைத்துக்கொண்டு கோயிலினுட் சென்றார். இரட்டைக் குவளை குறித்தும் வழக்குப் பதிவாயிற்று.

தொட்டி பற்றிய வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. காவல்துறையினர்க்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிற் சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் அவர்களைக்கொண்டு ஒருநபர் ஆணையம் அமைத்தது. 2025 ஜனவரியில், அக்குடியிருப்பைச் சேர்ந்தார் மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட, அம்மக்கள் அதனை வன்மையாக மறுத்தனர். குற்றஞ் செய்தார் யாரென்பது நீதிமன்றம் ஆராய்ந்து துணிதற்குரியது. அதன்கண் யாம் ஒருசொல்லும் கூறுகின்றிலேம்.

யாம் நோக்குவது அத்தேநீர்க்கடைக் குவளையை. தொட்டியிற் கழிவிட்ட செயல் மறைவில் நிகழ்ந்தது, யார்க்குந் தெரியாது. குவளை மறைவில் இருந்ததன்று. அவ்வழிச் செல்வார் எவரும் காணத்தக்க இடத்திலே, பகற்பொழுதிலே இருந்தது. கண்டாரெல்லாங் கண்டனர், ஒருவருங் காணவில்லை. இரண்டு அலுவலர் சென்று வினவியபின்னரே அது குற்றமென உலகிற்குப் புலப்பட்டது. தன்னையுங் காட்டாது மறைக்கும் மலத்தின் இயல்பு இதனினும் விளங்க யாண்டுக் காட்டுவது? தொட்டி புதியது, குவளை பழையது. முன்னே ஒரே ஊருணிக்கரையில் வெவ்வேறு துறையில் நிறுத்தினர். இப்போது தெருவுக்கொரு தொட்டி எழுந்தபின், ஒருவர் முகத்தை ஒருவர் காணவேண்டிய இடரும் ஒழிந்தது. பிரிவினை குழாய்வழியே ஓடுகின்றது. செய்தி வெளிவந்தபின், சிலநாள் நாடெங்கும் அதுவே பேச்சாயிருந்தது. பின் உலகம் வேறு செய்தியை நாடிற்று. சினந்து பேசி விரைவில் மறத்தலும் பாராமுகத்தின் ஒரு வகையே. அது புதிய வகை.

இனி, தன்னலம் ஒருவனளவில் நில்லாது விரிந்து நிற்றலும் உண்டு. 'யான்' என்பது 'எம்மவர்' என்று பெயர் மாற்றிக்கொள்ளுங்கால் அது தன்னலமென்றே தோன்றாது, அன்பென்றுந் தோன்றும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் முதலாய ஊர்களில் ஆடித்திங்கள்தோறும் நிகழும் மொய்விருந்து பலரும் அறிந்ததே. பணமுடையுற்றான் விருந்தளிக்க, வந்துண்டார் இயன்றது எழுதுவர். அவர் விருந்து வைக்குங்கால் இவன் திருப்பி எழுதுவன். வட்டியின்றி ஒருவர்க்கொருவர் கைகொடுக்கும் இவ்வழக்கம் பல குடும்பங்களை நிமிர்த்தியுள்ளது, அதனைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும் அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். மொய்ந்நோட்டிற் பெயரில்லாதவன், திருப்பி எழுத வலியில்லாதவன், அக்கணக்கிற்குப் புறம்பானவன். நம் மரியாதைகளுட் பல இம்மொய்ந்நோட்டையே ஒத்தன. திருப்பிச் செய்ய வல்லார்க்கு எழுந்து நிற்கின்றோம். வல்லாதார் நிற்பது நம் கண்ணிற் படுவதில்லை. கணக்கின்றிச் செய்யும்போதே உபசாரம் தன் பெயர்க்குரியதாம்.

அங்ஙனங் கணக்கின்றி ஒழுகினாரை இச்சீமையே நமக்குத் தந்துள்ளது. கொடும்பாளூர்ச் சிற்றரசராய இடங்கழி நாயனார் வரலாறு சேக்கிழார் பெருமானாற் பாடப்பட்டது. அடியாரை அமுதூட்டும் நியமமுடைய ஒருவர், கைப்பொருள் முற்றும் அற்றமையால், இரவில் அரசர் பண்டாரத்திற் புகுந்து நெல் கவர்ந்து காவலாளரால் அகப்பட்டார். அவரை முன்கொண்டு நிறுத்தியவழி இடங்கழியார் செய்தது யாது? தண்டம் விதித்தற்குமுன், 'நீ இது செய்தது என்னை?' என்று காரணம் வினவினார். வினவினமையின், கள்வனாய்த் தோன்றியவர் தம்மினும் மேலானவர் என்பது அவர்க்குப் புலப்பட்டது. அதன்பின் நெற்பண்டாரத்தையும் நிதிப்பண்டாரத்தையும் அடியார் கொள்ளுமாறு பறையறைவித்தார். பண்டாரந் திறந்ததையே நாம் வியந்து போற்றுகின்றோம். அதற்குமுன் திறந்தது அவர் செவி என்பதனை மறந்துவிடுகின்றோம்.

அச்சீமையின் கடற்கரை ஊராகிய மணமேற்குடியிற் றோன்றியவர் குலச்சிறை நாயனார். பாண்டியன் நின்றசீர் நெடுமாறனுக்கு முதலமைச்சராய் விளங்கிய அவர், வரும் அடியார் எக்குலத்தினராயினும், குலவரம்பிற்குப் புறம்பானவராயினும், நல்லியல்புடையராயினும் இலராயினும், பலராய் வரினும் ஒருவராய் வரினும், எதிர்சென்று பணியும் நியமமுடையர் என்று புராணங் கூறும். ஒருவர் குறையை வினவினார். மற்றொருவர் குலத்தை வினவிலர். வினவத்தக்கதும் வினவத்தகாததும் இவையென இவ்விருவரும் நமக்கு வரையறுத்து வைத்தனர். இன்று நாம் ஒழுகுவதோ தலைமாறு: புதியவர் ஒருவரைக் கண்டவுடன் ஊரும் தெருவும் கேட்டுச் சுற்றிவளைத்துக் குலத்தை அறிந்துகொள்கின்றோம், அவர் உண்டாரா, நீர் வேண்டுமா என்பதனைக் கேட்க மறக்கின்றோம்.

இங்ஙனங் கூறியவழிச் சைவர் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர்: 'இன்பதுன்பங்கள் அவரவர் வினைப்பயன். பசித்தான் தன் வினையாற் பசித்தான். இழிவுற்றான் தன் வினையான் இழிவுற்றான். அதனிடை நாம் புகுதல் இறைவன் ஆணையை விலக்குதலன்றோ?' என்பது. இது சித்தாந்தம் போலத் தோன்றும் ஆபாசமாம். என்னை? கன்மம் சடம், தானே சென்று செய்தானைப் பற்றாது, அதனைக் கூட்டுவிப்பான் இறைவன். துன்பத்தை ஒருவர் வாயிலாகக் கூட்டுவிக்கும் அவன், அதன் நீக்கத்தையும் ஒருவர் வாயிலாகவே கூட்டுவிப்பன். தாகமுற்றான் ஒருவன் நீரில்லாக் காட்டில் வீழாது, நீருள்ள நம் வாயிலில் வந்து நிற்றலும் அவன் வினைப்பயனே. நாம் கொடுக்கும் நீரும் அவன் வினைப்பயனாயே முடியும். கொடாவிடினோ, அவன் தாகம் அவனது பழவினை. நாம் முகந்திருப்பியது நமது புதுவினை. பிறருடைய பிராரத்தத்தைக் காரணங்காட்டி நமக்கு ஆகாமியம் ஈட்டிக்கோடல் அறிவுடைமையாகாது. அன்றியும், தன் மகன் காய்ச்சலுற்றவழி எவரும் 'அவன் வினை' என்று அமைந்திருத்தலைக் காண்கிலேம், மருத்துவரிடம் ஓடுகின்றனர். அயலான் மகற்கு மாத்திரம் வினைக்கொள்கை நினைவுக்கு வருமாயின், அது கொள்கையன்று; தன்னலம் உடுத்த போர்வை.

மற்றொரு தடை பற்றின்மையைப் பற்றியது. 'உலகிற் பற்றறுத்தலே வீடுபேற்றுநெறியாயிருக்க, பிறர் காரியங்களிற் புகுதல் பற்றை வளர்க்குமன்றோ?' என்பர். பற்றின்மையும் பாராமுகமும் புறத்தோற்றத்தில் ஒத்திருப்பினும் தம்முள் மாறுபட்டன. பற்றற்றான் விடுவது 'எனது' என்பதனை. பாராமுகமுடையான் விடுவது பிறரை. அவன் 'எனது' என்பதனை இறுகப் பிடித்துக்கொண்டே ஏனையோரை விடுகின்றான். இருவினையொப்பாவது தன்பால் வரும் இன்பதுன்பங்களை ஒப்ப நோக்குதல். பிறர் துன்பத்தைக் கல்லென நோக்குதலன்று. முத்திநிலை எய்தினார்க்கு ஒழுக்கம் வகுக்கப்புகுந்த சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரமும், அவரைத் தனியே குகையிற் புகுமாறு கூறிற்றிலது. அன்பரொடு கூடுதலையும் அவர் வேடத்தைச் சிவமெனக் கண்டு தொழுதலையுமே விதித்தது. முத்தர்க்கே பிறரொடு கூட்டம் வேண்டப்படுமாயின், கட்டுற்றார்க்கு அது வேண்டாவென்றல் யாங்ஙனம் அமையும்?

இனி, 'உதவச் செல்லின் வழக்கும் அலைச்சலும் வருமே' என்னும் அச்சத்தாற் பின்வாங்குவாரும் உளர். சாலையில் அடிபட்டாரைத் தூக்கிச் சென்றவர் காவல்நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலையவேண்டியிருந்தமை ஒருகாலத்து மெய்யே. அவ்வச்சம் நீங்குமாறு உச்சநீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு நெறிமுறைகளுக்கு ஆணை வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் நல்லெண்ணத்தோடு உதவினாரைக் காத்தது. உதவினானைக் காத்தற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தமை நம் நிலையைக் காட்டுகின்றது. தீண்டாமையை அரசியலமைப்பு 1950-ஆம் ஆண்டே ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குத் தண்டம் வகுத்தன. இவை இன்றியமையாதன. சட்டம் இரண்டாங் குவளையை எடுத்துவிடும். எஞ்சிய குவளையை முகமலர்ந்து நீட்டுவிக்க அதனால் இயலாது. மரியாதையை ஒருவாறு சட்டத்தாற் காக்கலாம். உபசாரம் உள்ளத்தினின்றே வருதல் வேண்டும்.

அற்றேல், அவ்வுள்ளம் இம்மக்கள்பால் இல்லையோவெனின், உண்டு என்பதற்கும் இச்சீமையே சான்று. 1991-ஆம் ஆண்டு, ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராயிருந்த காலத்துத் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஊதியம் ஒன்றும் பெறாத தொண்டர் மாலைதோறும் ஊர்களிற் சென்று முதியோர்க்கு எழுத்தறிவித்தனர். கல்லுடைக்கும் பெண்டிரும் களையெடுக்கும் பெண்டிரும் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பயின்றனர். ஒருத்தி ஏறப் பிறர் பின்னே பிடித்துக்கொண்டு ஓடினர். 1992-ஆம் ஆண்டு முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் அடித்து, தென்னையும் பலாவும் மின்கம்பமும் ஒருங்கே வீழ்ந்தன. பிற மாவட்டங்களினின்றும் கேரளத்தினின்றும் வந்த மின்வாரியத் தொழிலாளர் இரவுபகல் உழைத்தனர். கூரையிழந்த மக்களே அவர்க்குச் சோறிட்டனர். மறு ஆண்டில் கொத்தமங்கலம் பக்கத்து இளைஞர் தம்முட் பொருள் தொகுத்துக் குளங்களைத் தூர்வாரப் புகுந்தனர். புயலில் ஒருவரும் ஒருவர் குலங் கேட்டு விளக்குக் கொடுத்திலர். சுவர் வீழ்ந்தவழி முகந் தெரிந்தது. தெரிந்தவழி அன்பு தானே எழுந்தது. களிம்பு செம்பின் இயற்கைக் குணமன்று என்பது இதனாலும் பெறப்படும். ஆயினும், சுவரை மீட்டுக் கட்டியபின் முகமும் மறைந்துவிடுமாயின், நாம் புயலுக்கே காத்திருத்தல் வேண்டும். அறிவொளிக்காலத்து உதவி புயலின்றியே எழுந்தது; நாள்தோறும் ஒருங்கிருந்து செய்த ஒரு பணியால் எழுந்தது. ஆகலின் வாயில் பயிற்சியேயாம்.

அப்பயிற்சிக்குச் சைவத்தில் வைத்த பெயர் சரியை. சரியை என்றவுடன் திருக்கோயில் அலகிடுதலும் மெழுகுதலும் பூத்தொடுத்தலுமே நம் நினைவிற்கு வருகின்றன. சிவஞானசித்தியார் தாசமார்க்கங் கூறுமிடத்து இவற்றோடு நில்லாது, எதிர்ப்பட்ட திருவேடத்தாரை வணங்கி, அவர்க்கு யான் செய்யும் பணி யாதென உசாவுதலையும் அதனுள் வைத்தது. உசாவுதல் அலகிடுதலை ஒத்ததொரு வழிபாடாயிற்று. ஒருவரை நோக்கி 'வேண்டுவது யாது' என்று கேட்குங்கால், அவர் உளரென்பதனை ஒப்புக்கொள்கின்றோம். நம் யான் ஓர் இமைப்பொழுது ஒதுங்கி இடந் தருகின்றது. அவ்வொதுக்கமே மலபரிபாகத்திற்குச் சிறுவாயிலாம். உலகோர் வெறும் முகமன் என்று எளிதாக எண்ணும் செயல்கள், இங்ஙனம் நோக்கின், எளியனவல்ல.

திங்களூரில் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப்பந்தரை இதனோடு எண்ணுக. வழிச்செல்வார் யாவரும் பருகுதற்கு அமைத்த அப்பந்தருக்கு அவர் தம் பெயரைச் சூட்டிலர். தாம் அதுகாறும் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரைச் சூட்டினர். அந்தணராய அவர் வேளாளராய ஒருவர் பெயரை நீரின்மேல் எழுதிவைத்தது, பெயரும் குலமும் ஒருங்கே ஒழிந்த உபசாரமாம். நாமோ கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கித்தரின், ஒளி வெளிப்படாதபடி அதன்மேல் நம் பெயரை எழுதுவிக்கின்றோம்.

ஆகலின், சைவநன்மக்கள் செய்யத்தக்கன பெரியன அல்ல. தம்மூர்த் தேநீர்க்கடையில் எத்தனை வகைக் குவளை உள என்று ஒருநாள் நோக்குக. தாம் வழிபடுங் கோயிலினுட் புகாது வெளியே நிற்பார் உளராயின், அவர் ஏன் நிற்கின்றனர் என்று கேட்க. விடையறிந்தால் அவருடன் ஒருங்கே உட்செல்க. தம் தெருக் குடிநீர்த்தொட்டியைத் தூய்மை செய்வாரின் பெயரை அறிந்து அப்பெயராலே மரியாதையாக அழைக்க. பேருந்தில் முதியவர் நிற்பின் அவர் கேளாமுன் எழுக. இவை சிறியன என்பதனாலேயே நாள்தோறும் இயல்வன. நாள்தோறும் இயல்வதே பயிற்சியாவது.

வேங்கைவயல் வழக்கில் நீதிமன்றம் கூறுந் தீர்ப்பு அக்குற்றஞ் செய்தாரைப் பற்றியதாகும். குவளையைக் கண்டும் வினவாதிருந்தாரைப் பற்றித் தீர்ப்புக் கூற எந்த நீதிமன்றமும் இல்லை. அதனை அவரவரே தம் நெஞ்சொடு உசாவித் துணிதல் வேண்டும் என்க.